மூன்று பழைய பைக்குகள்

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. ஏற்றுமதி கம்பெனியில் வேலை. ஒன்றரை மாதமாக அறையை விட்டு வருவதில்லை, குளிப்பதில்லை, 'என்னால எல்லாருக்கும் பாரம்' என்கிறான். இத்தனைக்கும் சோம்பேறி இல்லை. போன ஆடியில் ராத்திரி மூன்று மணி நேரம்தான் தூங்குவான், கடன் வாங்கி மூன்று பழைய பைக் வாங்கி, 'ரிப்பேர் பண்ணி விக்கப்போறேன்' என்று சுற்றினான். அம்மா குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போகலாம் என்கிறார். மனநல டாக்டரிடம் போனால் கல்யாணம் நடக்காது என்பது அப்பா. நாங்கள் என்ன செய்ய?

பெயர் வேண்டாம், கரூர்.

பதில்: சகோதரி, அந்த பைக் வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி ஓ.பி.யில் உங்கள் தம்பி வயசில் ஒருவர் வந்தார். தூக்கமில்லை, பசியில்லை, வாழப் பிடிக்கவில்லை என்றார். வெளியே பெரிய வரிசை. மனச்சோர்வு மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன். மூன்றாம் வாரம் காலை ஏழரைக்கே நர்ஸ்கள் அத்தனை பேருக்கும் மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு வந்து நின்றார். பேச்சு ஓயவில்லை. பின்னால் அவருடைய அம்மா, வெறுங்கழுத்தோடு. செயின் அடகுக்குப் போயிருந்தது. 'இதுக்கு முன்னாடி எப்பவாவது தூக்கமே தேவைப்படாம, ரொம்ப உற்சாகமா இருந்திருக்கீங்களா?' என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

உற்சாகத்தை யாரும் நோய் என்று தூக்கிக்கொண்டு வருவதில்லை. சோர்வு வந்த பிறகுதான் வருவார்கள். ஆனால் இரண்டும் மாறி மாறி வருகிற பைபோலார் கோளாறாக இருந்தால், சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுப்பது ஆளை எதிர்ப்பக்கம் தள்ளிவிடலாம். உங்கள் தம்பிக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். தைராய்டு கோளாறும் சோர்வைக் கொண்டுவரும். ரத்தம் பார்க்கத்தான் வேண்டும்.

உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. தம்பி சம்மதித்தால் நீங்களும் உள்ளே போங்கள். ஆடி மாசத்தைப் பற்றிக் கேட்டால் 'அப்ப நல்லாத்தான் இருந்தேன்' என்பார். 'பாரம்' என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. சாக நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ். இலவசம், தமிழில் பேசுவார்கள்.

டாக்டர் ஒருவேளை லித்தியம் எழுதினால் பயப்படாதீர்கள். 1949-லிருந்து பைபோலாருக்குப் பயன்படுகிற மருந்து, அடிமையாக்காது. ஆனால் அளவு கறாரானது. ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். சிறுநீரகம், தைராய்டு எல்லாம் அவ்வப்போது பார்ப்பார்கள். திடீரென்று உப்பைக் குறைப்பதும், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரை போடுவதும் கூடாது. தேறிவிட்டது என்று தானாக நிறுத்துவதும் கூடாது. பாதிப்பேர் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது எங்கள் கடமை. பெண் வீட்டாரிடம் நீங்கள் மறைக்கலாமா என்பது வேறு கேள்வி. என் பதில் அப்பாவுக்குப் பிடிக்காது. குணசீலத்துக்கு அம்மா தாராளமாகப் போகட்டும், டாக்டரைப் பார்த்துவிட்டு, பையில் மாத்திரையோடு.

போவதற்கு முன் ஒரு வேலை. தம்பியிடம் கேட்டுக்கொண்டு அவர் போனில் ஜிபே கணக்கைப் பாருங்கள். பைக்குக்குப் பணம் போன தேதி மட்டுமல்ல, மணியும் இருக்கும். விடிகாலை மூன்று, மூன்றரை என்று வரிசையாக இருந்தால், அந்தப் பக்கத்தை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள்.