‘கூகுளில் முதலிடம் உறுதி’ என்று சொல்லி ஒருவர் கேட்கும் 40,000 ரூபாயைக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். முதலிடத்துக்கு யாராலும் உறுதி தர முடியாது. கூகுளே இதை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது.

மதுரை மாசி வீதியில் உள்ள உங்கள் சுங்குடிச் சேலைக் கடையின் பெயரை அப்படியே தேடினாலும் தளம் வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால், கூகுள் உங்கள் பக்கங்களை இன்னும் பட்டியலிலேயே சேர்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. தளம் வேர்ட்பிரஸ்ஸில் (தளம் கட்டும் மென்பொருள்) இருப்பதால், அமைப்புகளில் ‘வாசிப்பு’ பகுதியைத் திறந்து, தேடுபொறிகளைத் தடுக்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். தளத்தைக் கட்டும்போது அதைப் போட்டுவிட்டு, பிறகு எடுக்க மறப்பவர்கள் ஏராளம். இருந்தால் எடுத்துவிட்டு, கூகுள் சர்ச் கன்சோலில் (தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் கருவி) முகப்புப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துச் சேர்க்கக் கோருங்கள். செலவே இல்லை.

பட்டியலில் சேர்ந்ததும் ‘சுங்குடிச் சேலை’ என்ற தேடலில் மேலே வந்துவிடாது. நேர்மையான வேலைக்கே பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்கிறது கூகுள்.

பிறகு தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவர ஆள் வைப்பதானால், தளத்தில் எதை, ஏன் மாற்றப்போகிறார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வெளித்தளங்களில் இணைப்புகளை விலைக்கு வாங்கித் தருகிறேன் என்றால் விட்டுவிடுங்கள். அது கூகுளின் விதிக்கு எதிரானது, அடி விழுவது உங்கள் கடைக்கு. தளம், சர்ச் கன்சோல் போன்றவற்றின் கணக்குகள் எல்லாம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.