நாமினி பெயர் எதற்கு?

(உங்கள் கேள்விகள் பகுதி. இந்த வாரம் பதில் சொல்பவர், ஒரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில், அதாவது நோயாளிகளை வைத்து நடத்தும் ஆராய்ச்சிகளைப் பரிசீலிக்கும் குழுவில், உறுப்பினராக இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.)

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை நோய். இடது பாதத்தில் ஐந்து மாதமாக ஆறாத புண். நாங்கள் காட்டுகிற ஆஸ்பத்திரியில் ஒரு புதுக் களிம்பை வைத்து ஆராய்ச்சி நடக்கிறதாம். சேர்கிறீர்களா என்று 16 பக்கப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் வருட வருமானமும் நாமினி பெயரும் கேட்டிருப்பதைப் பார்த்து அம்மா ஒரே அழுகை. 'தாங்கள் சீரற்ற முறையில் ஒதுக்கப்படுவீர்கள்' என்று வேறு இருக்கிறது. அப்பாவை எலி ஆக்கப் பார்க்கிறார்களா? அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். வேண்டாம் என்று நானும் தங்கையும் முடிவெடுத்துவிடலாமா? நாமினியாக யார் பெயரைப் போடுவது?
(பெயர் வேண்டாம், திண்டுக்கல்)

பதில்: முதலில் அம்மாவின் அழுகையை நிறுத்துவோம். நாமினி பெயர் கேட்பது அந்த ஆஸ்பத்திரியின் கண்டுபிடிப்பு அல்ல. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளில் உள்ள மாதிரிப் படிவத்திலேயே அது இருக்கிறது. ஆராய்ச்சியால் ஒருவர் இறந்துபோனால் இழப்பீடு யாரிடம் போகவேண்டும் என்பதற்காகத்தான் அந்த வரி. எல்ஐசி பாலிசியிலும் நாமினி கேட்கிறார்கள், அதற்கு நாம் அழுவதில்லையே! வருமானத்தையும் அதே படிவம்தான் கேட்கிறது. ஆனால் மரணத்துக்கான இழப்பீட்டுச் சூத்திரத்தில் வருமானம் கிடையாது. 8 லட்சம் ரூபாய் என்ற அடிப்படைத் தொகை, வயது, சேரும்போது நோய் எந்த அளவில் இருந்தது என்ற மூன்றும்தான். கொத்தனாருக்கும் மில் முதலாளிக்கும் ஒரே கணக்கு. உயிருக்கு ஒன்றும் ஆகாமல் பக்கவிளைவு வந்தாலும் வைத்தியச் செலவு உங்களுடையது அல்ல. பெரிய பாதிப்பு என்றால் ஆராய்ச்சி நடத்தும் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவித்தாக வேண்டும். அந்த அறிக்கை எங்கள் குழுவுக்கும் வரும்.

எங்கள் குழு என்றேன் அல்லவா, அதில் டாக்டர்கள் இருப்பார்கள், சட்டம் படித்தவர் ஒருவர் இருப்பார், என்னைப் போல மருத்துவம் தெரியாத பொதுஜனம் ஒருவரும் இருந்தாக வேண்டும். அந்த நாற்காலி காலியாக இருந்தால் கூட்டமே செல்லாது. முப்பத்தோரு வருடம் வாத்தியாராக இருந்தபோதுகூட எனக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை.

'சீரற்ற முறையில்' என்பதற்கு வருகிறேன். இந்தத் தொடரைப் பல படிவங்களில் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். படிக்கிறவருக்கு ஏதோ ஒழுங்கில்லாமல், ஏனோதானோவென்று செய்யப்போகிறார்கள் என்றுதான் தோன்றும். 'சீட்டுக் குலுக்கிப் போடுவது போல' என்று எழுதுங்கள் என்றேன். இதில் ஒரு கௌரவம் இல்லையே என்று மொழிபெயர்த்தவருக்கு வருத்தம். ஆனாலும் மாற்றினார்கள்.

விஷயம் அவ்வளவுதான். யாருக்குப் புதுக் களிம்பு, யாருக்கு மற்றது என்பதை டாக்டர் முடிவு செய்தால், தெரிந்தோ தெரியாமலோ மோசமான புண் உள்ளவர்களை ஒரு பக்கமே அனுப்பிவிடுவார். அப்புறம் எது மருந்தின் வேலை, எது நோயாளியின் உடல்வாகு என்று எப்படிப் பிரிப்பது? இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடவேண்டாம். 1956இல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சிக்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள். சேத்துப்பட்டில் இன்றைக்கு இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். டிபி வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவேண்டும், வீட்டில் இருந்தால் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிய காலம். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம், நல்ல சாப்பாடு, ஓய்வு. மறு பாதிக்கு நெருக்கடியான சின்ன வீடு, அரைவயிறு, ஆனால் அதே மாத்திரைகள். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் வசித்த குடும்பத்தாருக்கு நோய் தொற்றியதும் கூடுதலாக இல்லை. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க டிபிக்கு வீட்டிலிருந்தே சிகிச்சை என்பது வழக்கமானது.

எலி பற்றிக் கேட்டீர்கள். புது மருந்து என்றால் எலிகளின் முறை முன்பே முடிந்திருக்கும். மனிதரிடம் முதல் கட்டத்தில் சில பத்துப் பேர், இரண்டில் நூற்றுக்கணக்கில், மூன்றில் இன்னும் அதிகம். கோவாக்சின் தடுப்பூசியின் மூன்றாம் கட்டத்தில் சுமார் 25,800 பேர் சேர்ந்தார்கள். உங்கள் படிவத்தில் எத்தனையாவது கட்டம் என்று இருக்கிறது, பாருங்கள்.

மருந்து சேர்க்காத டம்மி களிம்பு கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். புண்ணைச் சுத்தம் செய்வது, கட்டுப் போடுவது, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது இதெல்லாம் இரண்டு பக்கத்துக்கும் உண்டா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். இதை நிறுத்திவிட்டு டம்மி மட்டும் என்று ஒரு திட்டம் எங்களிடம் வந்தால் முதல் சண்டை அங்கேதான் தொடங்கும். படிவத்தில் சிடிஆர்ஐ என்று தொடங்கி, வருடம், மாதம் என்று போகும் ஒரு பதிவெண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது மருத்துவ ஆராய்ச்சிகளுக்கான இந்திய அரசின் பதிவேடு. இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். எண் இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

சரி, முடிவெடுப்பது யார்? நீங்களும் தங்கையும் இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அம்மா அழுதார், நீங்களும் தங்கையும் வேண்டாம் என்று யோசித்தீர்கள். அப்பா என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால், படித்துக் காட்டும்போது ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் கூட இருக்கவேண்டும் என்பது விதி. வீட்டிலேயே முதலில் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், ஒரு நாளைக்கு நாலு பக்கம் போதும். அவசரமாகக் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். சேர்ந்த பிறகும் காரணம் சொல்லாமல் எந்த நாளும் விலகலாம், வழக்கமான சிகிச்சை நிற்காது. கையெழுத்தான படிவத்தின் பிரதி ஒன்று உங்கள் கைக்கு வரவேண்டும்.

நாமினியாக அம்மாவா, நீங்களா, தங்கையா? அதையும் அப்பாவிடமே கேளுங்கள்.