தாத்தாவின் பத்தியம் பேரனுக்கு ஆகாது

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (உடலின் சுரப்புகள் கெட்டியாகி நுரையீரலையும் கணையத்தையும் பாதிக்கும் பரம்பரை நோய்) உள்ள தம் 16 வயது மகனுக்கு இப்போது சர்க்கரை நோயும் சேர்ந்திருப்பதால், வீட்டில் சர்க்கரை நோயாளியான தாத்தாவுக்குச் சமைப்பதைப் போலவே எண்ணெயையும் தேங்காயையும் உப்பையும் குறைத்ததாகவும், இரண்டு மாதத்தில் பையன் 3 கிலோ இளைத்துவிட்டதாகவும் சொல்லி, என்ன கொடுக்கலாம் என்று கேட்கிறார்.

அம்மா, அந்தப் பத்தியத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். முதுமையில் வரும் சர்க்கரை நோயில் பெரும்பாலும் இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்வதில்லை. உங்கள் மகனுக்கோ கெட்டியான சுரப்பு கணையக் குழாய்களை அடைத்து, நாளடைவில் கணையமே தழும்பேறியதால் இன்சுலின் சுரப்பே குறைந்துவிட்டது. ஆகவே இதற்கு மருந்து இன்சுலின் ஊசிதான், அரைவயிற்றுச் சாப்பாடு அல்ல. எடை குறைந்தால் நுரையீரலும் தளரும் என்பதால், சம வயதுப் பிள்ளைகளைவிடக் கூடுதல் கலோரியும், அதில் 35 முதல் 40 சதவீதம் கொழுப்பிலிருந்தும் கிடைக்க வேண்டும். தேங்காய்ப்பால் விட்ட சாளைக் குழம்பு, பொரித்த மீன், முட்டை, நெய் எல்லாம் தாராளமாக இருக்கட்டும். சோற்றையும் நிறுத்த வேண்டாம். எவ்வளவு சோற்றுக்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்று மருத்துவரிடம் கேட்டு, ஒரே கிண்ணத்தால் அளந்து போடுங்கள். தொதல் போன்ற இனிப்புக்கு ஆசைப்பட்டால் சாப்பாட்டோடு ஒரு துண்டு, அதையும் கணக்கில் சேர்த்து. இடைவேளையில் தனியாகக் குடிக்கும் பதநீரும் குளிர்பானமும்தான் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும்.

உணவு செரிக்க உதவும் கணைய நொதி மாத்திரை தரப்பட்டிருந்தால், முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். மெல்லவோ கொதிக்கும் கஞ்சியில் கலக்கவோ கூடாது. பால் தேநீருக்கும் வடைக்கும்கூட அது தேவை. மலம் எண்ணெய்ப் பசையோடு கடும் நாற்றம் அடித்தால், உண்ட கொழுப்பு உடலில் சேரவில்லை என்று பொருள். இளைத்ததற்கு அதுவும் காரணமாகலாம்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் வியர்வையோடு உப்பு மிகுதியாக வெளியேறும். கருவாட்டைக் கண்டு மிரளும் வீட்டில் இதைச் சொல்வது எனக்கே விந்தையாக இருக்கிறது. ஆனால் இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவரை, நம் கடலோர வெயிலில் அவனுக்குக் கருவாடும் உப்பிட்ட நீர்மோரும் வேண்டியவையே.

ஊசி போட்டபின் கை நடுங்கி வியர்த்தால், சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கலாம்; 3 தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை இந்நோயில் குறைத்துக் காட்டக்கூடும். அதை மட்டும் நம்பாமல், உணவுக்கு 2 மணி நேரம் கழித்து விரல்நுனியில் பார்த்த அளவையும் வாராந்தர எடையையும் ஒரு நோட்டில் குறித்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.