கறுப்பு நாயைப் படம் எடுத்தால் ஏன் கரிக்கட்டை போல வருகிறது?

கண்ணும் மூக்கும் தெரியாமல் ஒரே இருட்டாக வருகிறது என்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் கேமராவின் கணக்கில்தான். எதைக் காட்டினாலும் அதன் சராசரி வெளிச்சத்தை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பின்னால் வானம் வெளுத்திருந்தால் நாய் இருண்டுபோகும். அதே நாய் ஃபிரேமை அடைத்துக்கொண்டால் வெளிறிச் சாம்பல் நாயாகிவிடும். முன்னதற்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 வரை ஏற்றுங்கள், பின்னதற்கு −1 வரை இறக்குங்கள்.

எடிட்டிங்கைவிட வெளிச்சம்தான் முக்கியம் என்பேன். கறுப்பு ரோமத்தில் நமக்குத் தெரிவதே அதன் மினுமினுப்புதான். ஜன்னலோரமாக, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்காரவையுங்கள். கழுத்து ரோமம் இழை இழையாகப் பிரிந்து தெரியும். முகத்தை ஜன்னல் பக்கம் லேசாகத் திருப்பினால் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். ஃபோகஸை அங்கேயே வையுங்கள். (திருப்புவதற்குப் பந்தைக் காட்டுங்கள், கெஞ்சினால் நடக்காது.) நேருக்கு நேர் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாமல் பதியும் மூலக் கோப்பாக) எடுத்திருந்தால், எடிட்டிங்கில் ஷேடோஸை, அதாவது நிழல் பகுதிகளை, ஏற்றி, அப்புறம் பிளாக்ஸை, அதாவது மிக இருண்ட பகுதிகளை, கொஞ்சம் இறக்குங்கள். இல்லாவிட்டால் ரோமம் புகை படிந்தது போலாகும். நிழலில் எடுத்த படத்தில் முதுகு நீலம் பாய்ந்திருந்தால், அந்த இடத்தில் மட்டும் நீலத்தின் சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியை, குறைத்தால் போதும்.