சைலேன் சிலிண்டரைக் குறை சொல்லும் முன்: சிலிக்கான் படலம் கேள்வி-பதில்

கே: சைலேன் (SiH₄) வாயுவைப் பிளாஸ்மாவில் உடைத்துச் சிலிக்கான் படலம் வளர்க்கிறேன். பிளாஸ்மா பவரைக் கூட்டிக்கொண்டே போகிறேன், வளர்ச்சி வேகம் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது.

ப: சைலேன் தீர்ந்துபோகிறது, அவ்வளவுதான். இன்னும் கூட்டினால் பழுப்புத் தூள்தான் கொட்டும். வாயு ஓட்டத்தை ஏற்றுங்கள். வசதி இருந்தால் பிளாஸ்மா அதிர்வெண்ணில் 13.56 மெகாஹெர்ட்ஸை விட்டு 60, 70 பக்கம் போய்ப் பாருங்கள்.

கே: வேகம் 3 வருகிறது. போதுமா?

ப: 3 என்ன? ஆங்ஸ்ட்ராமா (0.1 நானோமீட்டர்) நானோமீட்டரா, நொடிக்கா நிமிடத்துக்கா? அலகு இல்லாமல் எழுதினால் எப்படிப் பதில் சொல்வது? நொடிக்கு 3 ஆங்ஸ்ட்ராம் என்றால் 300 நானோமீட்டருக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அமார்பஸ் (அணுக்கள் ஒழுங்காக அடுங்காத) படலத்துக்கு அது நல்ல வேகம்.

கே: பேஸ் பிரஷர் (வாயு விடும் முன் சேம்பரில் இருக்கும் அழுத்தம்) 10⁻⁶ மில்லிபார். ஆனாலும் மைக்ரோகிரிஸ்டலைன் (நுண்படிகங்களால் ஆன) படலத்தில் ஆக்சிஜன் ஏராளம். சிலிண்டர் மோசமா?

ப: சிலிண்டரைத் தொடாதீர்கள். இதை எத்தனை முறைதான் எழுதுவது! பம்ப் ஓடும்போது கேஜ் காட்டும் எண்ணை மட்டும் வைத்து எவ்வளவு காற்று கசிகிறது என்று சொல்ல முடியாது. ஹீட்டரை வேலை வெப்பநிலையில் வைத்து, பம்ப் வால்வை மூடி, பத்து நிமிடம் அழுத்தம் ஏறுவதைக் குறியுங்கள். கோடு போகப்போக வளைந்து படுத்தால் சுவரிலிருந்து கிளம்பும் ஈரம், இன்னும் பேக் செய்ய (சூடாக்கி ஈரத்தை விரட்ட) வேண்டும். நேராக ஏறிக்கொண்டே போனால் லீக். 20 லிட்டர் சேம்பரில் அந்தப் பத்து நிமிடத்தில் 0.001 மில்லிபார் ஏறினால் யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் கணக்குப் போட்டால் அது சுமார் 0.002 எஸ்சிசிஎம் (நிமிடத்துக்கு இத்தனை கன செ.மீ. என்னும் வாயு ஓட்ட அலகு) காற்று. 10 எஸ்சிசிஎம் சைலேனுக்கு அது பத்து லட்சத்தில் 200 பங்கு, 99.9999 சதவீத சிலிண்டரில் இருக்கும் மொத்த அழுக்கே 1 பங்குதான்! மைக்ரோகிரிஸ்டலைனுக்காக ஹைட்ரஜனைக் கொட்டி சைலேனை 1 எஸ்சிசிஎம் ஆக்கியிருந்தால் அந்த 200 அப்படியே 2000 ஆகிவிடும். வளர்ச்சியும் மெதுவாக நடப்பதால் ஒவ்வொரு அடுக்கும் கூடுதல் ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும், படலம் என்-டைப் (எலக்ட்ரான் மிகுந்த) பக்கம் சாயும். கதவு ஓ-ரிங், ஃப்ளோ கன்ட்ரோலர் இணைப்புகள் எல்லாவற்றையும் ஹீலியம் வைத்துத் தேடுங்கள். வாயுவைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையர் வாங்குவதெல்லாம் அப்புறம், சேம்பரில் இருக்கும் ஓட்டையை அது அடைக்காது.

கே: 200 டிகிரியை 250 ஆக்கினால் வேகமாக வளருமா?

ப: பெரிதாக மாறாது. வேகத்தைத் தீர்மானிப்பது பிளாஸ்மாவிலிருந்து எவ்வளவு SiH₃ (சைலேன் உடைந்து வரும் துண்டு) வந்து சேர்கிறது என்பதுதான். வெப்பநிலையால் மாறுவது படலத்தில் தங்கும் ஹைட்ரஜன்.

கே: ஒரே சேம்பரில் பி அடுக்கு (போரான் சேர்த்தது), அடுத்து ஐ அடுக்கு (எதுவும் சேர்க்காதது). சோலார் செல் சரியாக வேலை செய்யவில்லை.

ப: சுவரில் ஒட்டிய போரான் ஐ அடுக்குக்குள் வருகிறது. தனிச் சேம்பர்தான் சரியான வழி. முடியாதென்றால் பி அடுக்கு முடிந்ததும் சாம்பிளை வெளியே எடுத்து, சுவரில் டோப்பண்ட் (போரான் மாதிரி சேர்க்கும் பொருள்) இல்லாத சிலிக்கானைத் தடிமனாகப் பூசிவிட்டு ஐ அடுக்கைத் தொடங்குங்கள். NF₃ வாயு போட்டுச் சுத்தம் செய்தாலும் இதே பூச்சு வேண்டும், இல்லாவிட்டால் ஃப்ளூரின் வந்து உட்கார்ந்துகொள்ளும். சேம்பரைத் திறந்து மூடினீர்களா? அப்படியானால் லீக் செக்கையும் மறுபடி செய்யுங்கள்.