மற்ற மூன்று காம்புப் பாலை விற்கலாமா?

கேள்வி: மடிநோய்க்காக எங்கள் பசுவின் ஒரு காம்பில் ஆன்டிபயாடிக் டியூப் ஏற்றினோம். மற்ற மூன்று காம்புப் பாலை விற்கலாமா? காய்ச்சினால் மருந்து போய்விடாதா? பாலில் மருந்து இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஸ்ட்ரிப் வாங்கட்டுமா?

பதில்: விற்காதீர்கள். ஏற்றிய காம்போடு மருந்து நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து மற்ற மூன்றுக்கும் வந்து சேரும். எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். கடைசி டியூப் ஏற்றிய நேரத்திலிருந்து எண்ணுங்கள். பெட்டியில்லாமல் உதிரி டியூபைக் கையில் திணிப்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். இறைச்சிக்கு நாட்கணக்கு வேறு.

காய்ச்சுவதில் பயனில்லை. பென்சிலின் வகை பெரும்பாலும் கொதிக்குத் தப்பிவிடும்.

“தொட்டியில் ஊற்றினால் கரைந்துவிடும்” என்பார் பால் ஏஜென்ட். பாலில் பென்சிலினுக்கு, சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த வரம்பு லிட்டருக்கு 4 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 மில்லிகிராம் மருந்து போதும், 25,000 லிட்டரை வரம்புக்குக் கொண்டுபோக. டேங்கர் பிடிபட்டால் அவர் உங்களைத்தான் கைகாட்டுவார்.

சரி, ஸ்ட்ரிப். பென்சிலின் வகைக்கு மட்டும் செய்த ஸ்ட்ரிப், வேறு வகை ஆன்டிபயாடிக்கான டெட்ராசைக்ளினைக் காட்டாது. விற்பவர் இதைச் சொல்லமாட்டார். யூரியா, மாவு கலப்படம் பார்க்கும் கிட்டையே ‘எல்லாம் காட்டும்’ என்று தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. டியூபில் உள்ள மருந்தின் பெயர் ஸ்ட்ரிப் பட்டியலில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஆய்வகத்தில் ஊதா ஜெல் மேல் பாலை விட்டுச் சூட்டில் வைப்பார்கள். ஜெல்லில் உள்ள பாக்டீரியா வளர்ந்தால் அமிலம் சுரந்து மஞ்சளாகும். ஊதாவாகவே நின்றால் மருந்து என்று சந்தேகம். ஆனால் ஒதுக்க வேண்டிய நாள் முடிந்த பிறகும் சில பசுக்களின் பால் ஊதா காட்டும். சீம்பாலிலும் வீங்கிய மடியின் பாலிலும் லைசோசைம், லாக்டோஃபெரின் என்று இயற்கையான தடுப்புப் பொருட்கள் கூடுதலாக இருக்கும். அவையும் அந்த பாக்டீரியாவை அடக்கும். மாதிரியை 80 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இவை பெரும்பாலும் அழிந்துவிடும், மருந்து அழியாது. நாள் முடியுமுன் இதைச் சாக்காகச் சொல்லாதீர்கள்.

டேங்கர் வாசலில் ஆயிரம் சோதனை வைக்கிறார்கள். ஊசி போடும் இடத்தில் ஒரு நோட்டு வைக்கச் சொல்ல ஆளில்லை. நீங்களே தேதியும் மருந்தும் எழுதுங்கள். பசுவின் பின்காலில் சிவப்புப் பட்டை கட்டிக் கடைசியாகக் கறங்கள். அந்தப் பாலைக் கன்றுக்கும் ஊட்ட வேண்டாம்.