மலைப்பாதைக்கு ஏற்ற வீல் கப் எது? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே குளிர்காலம் தொடங்கியதும் காரின் அலாய் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பனிக்கால டயர் பொருத்திய இரும்புச் சக்கரங்களை மாட்டி, அவற்றின் மேல் பிளாஸ்டிக் மூடி போட்டுக்கொள்வதாகச் சொல்கிறான். நம் மலையிலும் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுகிறது. என்னுடைய சிறிய காரில் இருப்பவை இரும்புச் சக்கரங்கள்தாம். அவற்றின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் மூடிகளான வீல் கப்புகளில் இரண்டு தொலைந்துவிட்டன. நானும் பனிக்கால டயர் வாங்க வேண்டுமா? புதிய வீல் கப் வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், கோத்தகிரி

பதில்: உங்கள் மகன் சொல்வது சரியே. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும் என்பதால், குளிரிலும் இளகியே இருக்கும் ரப்பரால் ஆன டயரை அங்கே தனியாக வைத்திருக்கிறார்கள். சாலையில் பனியோ சறுக்கலோ இருக்கும்போது அத்தகைய டயர் இல்லாமல் வண்டி ஓட்டுவது ஜெர்மனியில் சட்டப்படி குற்றம். ஆண்டுக்கு இரண்டு முறை டயரை மட்டும் கழற்றி மாட்டுவதைவிடச் சக்கரத்தோடு சேர்த்து மாற்றுவது எளிது. அதற்கு விலை குறைந்த இரும்புச் சக்கரமே போதும். பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, அலாய் சக்கரத்தின் மேற்பூச்சை அரித்துவிடும் என்பதும் ஒரு காரணம். கறுப்பு இரும்பு கண்ணுக்கு அழகாக இராது என்பதாலும், உப்பு கலந்த சேறு நட்டுகளின் மேல் நேரடியாகப் படியாமல் இருக்கவும் அதன் மேல் மூடி வருகிறது.

நீலகிரியின் நிலைமை வேறு. உதகை அருகே உள்ள தலைக்குந்தா போன்ற பள்ளங்களில் அதிகாலை வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி வந்து, புல்வெளியும் கார்க் கூரையும் வெள்ளையாகிவிடுவது உண்மைதான். ஆனால் அந்த உறைபனி வெயில் ஏறியதும் கரைந்துவிடும். நம் சாலையில் உப்பு தூவுவதும் இல்லை. அதே நாளில் நீங்கள் மேட்டுப்பாளையம் இறங்கினால் அங்கே வெயில் கொளுத்தும். சூடான தார்ச்சாலையில் இளகிய ரப்பர் மிக விரைவாகத் தேய்ந்துபோகும். ஆகவே உங்களுக்குப் பனிக்கால டயர் தேவையில்லை. மேற்பரப்பில் வரிப்பள்ளம் ஆழமாக உள்ள நல்ல டயரும் சரியான காற்றழுத்தமும் போதும். நம் மலையில் சக்கரத்துக்கு வரும் சோதனை குளிரால் வருவதன்று, இறக்கத்தில் பிறக்கும் சூட்டால் வருவது. வீல் கப் தேர்விலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 1,450 மீட்டர். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவிட வேண்டிய ஆற்றல் சுமார் 17 மெகாஜூல். வீட்டு மின்கணக்கில் சொன்னால் நாலே முக்கால் யூனிட், அதாவது 2,000 வாட் கீசர் ஒன்று இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக எரிவதற்குச் சமம். இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குபவருக்கு இதில் பெரும் பங்கை இஞ்சினும் காற்றுத்தடையும் வாங்கிக்கொள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குபவருக்கோ அதில் பெரும்பகுதி நான்கு பிரேக்குகளில், அதிலும் முக்கியமாக முன் சக்கர டிஸ்க்குகளில் சூடாக இறங்கும். அந்தச் சூடு வெளியேறும் வழிகளுள் முக்கியமானது, இரும்புச் சக்கரத்தின் வட்டில் வரிசையாக வெட்டியிருக்கும் துளைகள். அந்தத் துளைகளின் மேல்தான் நாம் வீல் கப்பை மாட்டுகிறோம்.

எனவே கடைக்காரர் மூடியை எடுத்துக் கொடுத்ததும் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இடைவெளிகள் தாராளமாக இருக்க வேண்டும். அவை மூடியின் நடுவில் இருப்பதைவிட, உங்கள் சக்கரத்தின் துளைகள் இருக்கும் வட்டத்துக்கு நேராக, வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். கறுப்புச் சாயம் பூசித் துளைபோலத் தோன்றும்படி செய்த, உண்மையில் அடைபட்ட மூடிகளும் விற்கப்படுகின்றன. விரலை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மின்சாரக் கார்களில் வருவதுபோல் முழுவதும் மூடிய தட்டு வடிவத்தைச் சிலர் விரும்புகிறார்கள். அது சமவெளி நெடுஞ்சாலையில் காற்றின் இழுப்பைக் குறைக்க உதவும். மின்சாரக் கார் இறக்கத்தில் மோட்டாரைக் கொண்டே பெருமளவு வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் அதற்கு அது பொருந்தும்; பெட்ரோல் காரோடு தினமும் மலை இறங்குபவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது பொருள். மூடியின் உட்புறத்தில் என்ன பிளாஸ்டிக் என்பதைக் குறிக்கும் எழுத்துகள் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். ஏபிஎஸ் என்றால் கெட்டியாக இருக்கும், வர்ணம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கல்லில் மோதினால் விரிசல் விடும், 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் இளகத் தொடங்கும். பிபி எனப்படும் பாலிபுரொப்பிலீன் வளைந்து கொடுக்கும், அதைவிடக் கூடுதல் சூடு தாங்கும். ஆனால் அதன் மலிவான வகை பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் நொறுங்கும் தன்மை அடையும். நம் மலைக்கு, கையால் இலேசாக முறுக்கினால் வளைந்து மீளும் மூடியே நல்லது என்பது என் கருத்து. கீழிறங்கும் வண்டி மேலேறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. அப்படி ஓரம் ஒதுங்கும்போது இடப்பக்கச் சக்கரங்கள் வாய்க்கால் கல்லில் உரசுவது இங்கே அன்றாட நிகழ்ச்சி என்பதால், சக்கர விளிம்பைவிட வெளியே புடைத்து நிற்கும் வடிவங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

அளவில் பிழை நேர வழியில்லை. டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர் 14 என்பதுபோல் எழுதியிருக்கும். கடைசி எண்ணே சக்கரத்தின் அங்குல அளவு. ஒரே மாடல் காரிலும் அடிப்படை வகைக்கு ஒரு அளவும் விலை கூடிய வகைக்கு வேறு அளவும் வரும் என்பதால், மாடல் பெயரைச் சொல்லி வாங்காமல் அந்த எண்ணைச் சொல்லி வாங்குங்கள். தயாரிப்பாளரின் அசல் மூடி என்றால் தொலைந்த இரண்டை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். பிற நிறுவனங்களின் மூடிகள் பெரும்பாலும் நான்கு நான்காகவே விற்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று போனால் பிறகு அதே வடிவம் கிடைப்பது அரிது. இந்த ஒரு காரணத்துக்காகவே அசல் மூடிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பேன்.

கேள்வி: கடந்த ஆண்டு புதிதாக வாங்கிய வீல் கப்புகளுள் ஒன்று பர்லியாறு பக்கம் வளைவில் கழன்று ஓடிவிட்டது. மற்றவற்றையும் இழக்காமல் இருக்க கேபிள் டை போட்டுக் கட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
- வாசகி, குன்னூர்

பதில்: கழன்ற மூடி யார் மேலும் படாமல் போனதே பெரிய ஆறுதல். என் காரிலிருந்தும் ஒருமுறை கொண்டை ஊசி வளைவில் ஒரு மூடி கழன்று, பின்னால் வந்த இருசக்கர வாகனத்தின் முன் சக்கரத்துக்குச் சற்றுத் தள்ளி உருண்டு போனது. ஓட்டிவந்தவர் தடுமாறிச் சமாளித்து நின்றார். அந்தக் காட்சி இன்றும் என் மனத்தில் இருப்பதால், மூடியைப் பொருத்தும் வேலையைச் சிறிய வேலையாக நான் நினைப்பதில்லை.

கட்டுவதற்கு முன் ஏன் கழன்றது என்று பாருங்கள். மூடியின் பின்புறம் வட்டமாக ஒரு எஃகுக் கம்பி இருக்கும். அது தன் விறைப்பினால் பிளாஸ்டிக் கொக்கிகளை வெளியே தள்ள, கொக்கிகள் சக்கரத்தின் உள் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். அந்தக் கம்பியில் ஓரிடத்தில் மட்டும் ஒரு வளைவு இருக்கும். அந்த வளைவு காற்றடிக்கும் வால்வுக்கு நேராக வரவேண்டும். அதைக் கவனிக்காமல் மாட்டினால் கம்பி வால்வின் மேல் ஏறி உட்கார்ந்து, மூடி ஒருபக்கம் தூக்கி நிற்கும். வால்வும் வளைந்து மெல்லக் காற்று இறங்கும். சக்கரம் நடுங்காமல் சுழல அதன் விளிம்பில் மாட்டியுள்ள வீல் பேலன்சிங் எடைகளின் மேல் மூடியின் ஓரம் உட்கார்ந்தாலும் இதே நிலைதான். பஞ்சர் கடையில் அவசரத்தில் சுத்தியலால் தட்டி மாட்டியதில் ஓரிரு கொக்கிகள் உடைந்திருக்கவும் கூடும். உடைந்த கொக்கியோடு எந்த மூடியையும் திரும்ப மாட்டாதீர்கள். வால்வுப் பக்கத்தை முதலில் உட்கார வைத்து, பிறகு உள்ளங்கையால் எதிரெதிர்ப் பக்கமாக அழுத்திக்கொண்டே வரவேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் கேபிள் டை கூடுதல் பாதுகாப்பாக இருக்கலாம், நானும் போட்டிருக்கிறேன். வெயில் தாங்கும் கறுப்பு நைலான் டையை மூடியின் இடைவெளி வழியாகச் சக்கரத் துளைக்குள் விட்டு, எதிரெதிராக இரண்டிடத்தில் கட்டினால் போதும். முடிச்சு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். மிஞ்சிய வாலை ஒட்ட வெட்டிவிட வேண்டும். முன் சக்கரத்தின் உட்புறத்துக்கும், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பருக்கும் இடையே உள்ள இடைவெளி குறைவு என்பதால், கட்டிய பின் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். முக்கியமான இன்னொன்று: ஸ்டெப்னி மாற்ற நேர்ந்தால் முதலில் டையை வெட்ட வேண்டும். மூடுபனி இறங்கிய இரவில் சாலையோரம் நின்று பல்லால் கடிக்கும் நிலை வராமல், ஜாக்கி கம்பியோடு ஒரு வெட்டுக் கொறடையும் கட்டி வையுங்கள்.

சில கார்களில் சக்கர நட்டுகளே மூடியைப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு உண்டு. அது கழலாது, நல்ல அமைப்பு. ஆனால் அப்படி வடிவமைக்கப்படாத சக்கரத்தில், நட்டுக்கும் இரும்புக்கும் இடையே பிளாஸ்டிக்கை வைத்து முடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகினால் நட்டு தளர்ந்துவிடும். அப்போது கழல்வது மூடியாக இராது, சக்கரமாக இருக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் ஆனி, ஆடி மழையில் இரும்புச் சக்கரங்கள் துருப்பிடிக்கின்றன. வீல் கப் போட்டால் துரு குறையுமா, கூடுமா?
- வாசகர், கூடலூர்

பதில்: மூடி மழையை மறைக்கும், ஈரத்தை மறைக்காது. உள்ளே புகுந்த செம்மண்ணும் இலைத்தூளும் ஈரத்தைப் பிடித்துவைப்பதால், கழற்றாமலே விட்ட மூடியின் கீழே துரு கூடத்தான் செய்யும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவி, உலரவிட்டு மாட்டுங்கள். அப்போது துளைகளின் ஓரத்தையும் நட்டுத் துளைகளைச் சுற்றியுள்ள பகுதியையும் துடைத்துப் பாருங்கள். மேலோட்டமான பழுப்பு நிறத் துருவுக்கு அஞ்ச வேண்டியதில்லை; நட்டுத் துளையிலிருந்து முடிபோல் விரிசல் ஓடியிருந்தால் அந்தச் சக்கரத்தை அன்றே மாற்றிவிட வேண்டும். டயர் உட்காரும் விளிம்பில் துரு செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் பஞ்சர் இல்லாமலே காற்று இறங்கிக்கொண்டிருக்கும்.

வர்ணம் பூசுவதானால் சக்கரத்தைக் கழற்றி, கம்பிப் பிரஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, பிரைமர் ஒரு பூச்சும் வர்ணம் மெல்லிய இரண்டு பூச்சும் கொடுங்கள். நட்டு உட்காரும் குழிகளிலும், சக்கரம் அதைத் தாங்கும் ஹப்பில் ஒட்டும் பின்பக்கத்திலும் வர்ணம் படக்கூடாது. அங்கே படிந்த வர்ணம் நாளடைவில் நசுங்க, முடுக்கிய நட்டு இளகும். திரும்ப மாட்டும்போது எதிரெதிர் வரிசையில் முடுக்கி, கார்க் கையேட்டில் சொன்ன அளவுக்கு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். சிறிய கார்களுக்கு அது பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். 50 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை சரிபார்ப்பது அவசியம்.

கேள்வி: தேயிலைத் தோட்டத்து மண்சாலையில் போய்வந்த மறுநாள் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது. புதிதாகப் போட்ட வீல் கப் காரணமாக இருக்குமா?
- வாசகர், குந்தா

பதில்: பெரும்பாலும் இராது. சக்கரத்தின் உட்குழிவில் அப்பிய சேறு இரவில் காய்ந்து ஒரு பக்கமாக எடை கூடுவதே வழக்கமான காரணம். பனி நாடுகளிலும் சக்கரத்துக்குள் பனி இறுகி இதே நடுக்கத்தைத் தருவது உண்டு. மூடிகளைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் உட்பக்கம்வரை தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி ஓட்டிப் பாருங்கள். மலை இறங்கி வந்த உடனே, பிரேக் சூடாக இருக்கும்போது மட்டும் தண்ணீர் அடிக்காதீர்கள், டிஸ்க் கோணிவிடும். கழுவிய பிறகும் நடுக்கம் நீங்காவிட்டால் வீல் பேலன்சிங் பார்க்கக் கொடுங்கள். கொடுக்கும்போது மூடிகளை வண்டிக்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.